தினமும் கண்ணில் படுவதிலிருந்து வடிவமைப்புக்கு எதை எடுப்பது?

மஞ்சள்மண், ஈரோடு – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு சிறிய அச்சகத்தில் மூன்று ஆண்டுகளாக பாக்கெட் வடிவமைப்பாளராக வேலை பார்க்கிறேன். மசாலாப் பொடி, நல்லெண்ணெய், சத்துமாவு என்று எங்களிடம் வருபவையெல்லாம் அடுப்பங்கரைக்குப் போகிற சரக்குகள்தாம். போன மாதம் 100 கிராம் மஞ்சள்தூள் பாக்கெட் ஒன்றை வடிவமைக்கும் வேலை வந்தது. வழக்கம்போல இணையத்தில் சேமித்து வைத்திருந்த படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, பழுப்புக் காகிதம் போன்ற பின்னணி, ஓரத்தில் ஒரு பச்சை இலை, மெல்லிய எழுத்து, உள்ளிருக்கும் தூள் தெரியும்படி நடுவில் ஒரு வட்டச் சன்னல் என்று இரண்டே நாளில் முடித்துவிட்டேன். அரவை ஆலையின் உரிமையாளர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இதுக்குள்ள டீத்தூளைப் போட்டாலும் பொருந்துமே" என்றார். கோபமில்லாமல், உண்மையாகவே யோசித்துச் சொன்னார். அதனால்தான் அந்தச் சொல் இன்னும் என்னை விடவில்லை.

அன்றிலிருந்து இணையப் படங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, சுற்றியிருப்பதைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பதினைந்து நாள்கள் விடியற்காலையில் சந்தை, கோயில் வாசல், பேருந்து நிலையம் என்று நடந்தேன். கைப்பேசியில் இப்போது நானூறுக்கும் அதிகமான படங்கள் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஒரு பாட்டி போடும் சிக்குக் கோலம் கண்ணை விட்டு அகலாத அழகு. அதைப் படமெடுத்து, கோடாக மாற்றி, பாக்கெட்டின் பின்னணியில் போட்டுப் பார்த்தேன். வாசலில் உயிரோடு இருந்தது பாக்கெட்டில் ஏறியதும் ஒட்டுப்படம் போல ஆகிவிட்டது. காய்கறிக் கூடையின் பின்னலையும் பேருந்து இருக்கைத் துணியின் கட்டங்களையும் கூட முயன்று பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

அன்றாட வாழ்க்கையிலிருந்துதான் கற்பனை ஊறுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்க்கத்தான் செய்கிறேன், ஆனால் பார்த்தது வேலையாக மாறவில்லை. நீங்கள் ஒரு பொருளைப் பார்க்கும்போது அதிலிருந்து எதை எடுக்கிறீர்கள், எடுத்ததை எப்படி உங்கள் வேலைக்குள் கொண்டுவருகிறீர்கள் என்பதை அனுபவத்திலிருந்து சொன்னால் பேருதவியாக இருக்கும்.


அட்டைப்பெட்டி, சென்னை – பதில்

அந்த ஆலைக்காரர் உங்களுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார். இந்தத் துறையில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். என் முதல் பத்தாண்டு வேலைகளில் பாதிக்கும் மேற்பட்டவை உள்ளே எதைப் போட்டாலும் பொருந்தக்கூடிய பாக்கெட்டுகள்தாம். எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

நானூறு படங்கள் எடுத்தேன் என்கிறீர்கள். அவற்றில் எந்தப் பொருளையாவது கையில் எடுத்து, இது ஏன் இந்த உருவத்தில் இருக்கிறது என்று கேட்டீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பின்பேரில் வந்து நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1958இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டதற்கு அந்த அறிக்கைதான் அடித்தளம். கோயில்களையும் சிற்பங்களையும் துணிகளையும் பார்த்து வியந்த அவர்கள், தாங்கள் இங்கே கண்டவற்றுள் ஆகச் சிறந்ததென்று முன்னிறுத்தியது லோட்டாவை, அதாவது நம் வீட்டுச் சொம்பை. அதன் அழகைப் பாராட்டிவிட்டு அவர்கள் நகர்ந்துவிடவில்லை. இப்படி ஒரு பாத்திரத்தைப் புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் என்னவெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும் என்று வரிசையாக அடுக்கினார்கள்: எவ்வளவு தண்ணீர் மொள்ள வேண்டும், தூக்குபவரின் கை எவ்வளவு பெரியது, தலையிலா இடுப்பிலா கையிலா எதில் வைத்துச் சுமப்பார்கள், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் அதன் கனம் எங்கே நிற்கும், சாய்த்து ஊற்றும்போது சமநிலை என்ன ஆகும், உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா, சுடுநீர் ஊற்றினால் பிடிக்க முடியுமா, கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எப்படி இருக்கும், இன்னொரு பாத்திரத்தில் இடித்தால் என்ன ஓசை வரும், பழசானபின் உலோகத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்றெல்லாம். தனி ஒருவர் உட்கார்ந்து இதைச் செய்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு வந்த உருவம் இது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதைப் படித்த அன்று நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பை என் அம்மா எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்தேன். வயிற்றுப் பகுதியை அவர் தொடுவதே இல்லை. ஐந்து விரல்களையும் கழுத்தைச் சுற்றிப் போட்டு, வெளிப்புறம் வளைந்த விளிம்புக்குக் கீழே விரல்கள் மாட்டிக்கொள்ளும்படி தூக்கினார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கை, ஈரமும் சோப்பும் வழிகிற கை; இருந்தும் நழுவவில்லை. அப்போது அரை லிட்டர் நல்லெண்ணெய்ப் புட்டி ஒன்றுக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். எண்ணெய்ப் புட்டியை யாரும் உலர்ந்த கையால் எடுப்பதில்லை என்பது அதுவரை எனக்கு உறைக்கவேயில்லை. புட்டியின் கழுத்தை ஒரு விரல் அளவுக்கு நீட்டி, மேலே விளிம்பை வெளியே வளைத்துவிடச் சொன்னேன். அந்தப் புட்டியைப் பார்ப்பவர் யாருக்கும் சொம்பு நினைவுக்கு வராது, வரவும் வேண்டியதில்லை. சொம்பின் உருவம் சொம்போடு இருக்கட்டும், அந்த உருவம் வந்த காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மஞ்சளுக்கு வருகிறேன். சந்தைக்குப் போவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, மஞ்சள் பாக்கெட் வீட்டுக்குள் வந்தபின் அதற்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். எந்த மூலையை வெட்டுகிறார்கள், எதனால் வெட்டுகிறார்கள், அஞ்சறைப் பெட்டியில் கொட்டியபின் மிச்சத்தை எப்படி மூடி எங்கே வைக்கிறார்கள், விரலில் ஒட்டியதை எதில் துடைக்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். படம் வேண்டாம்; கையால் எழுதுங்கள், கையால் வரையுங்கள். வரைய உட்கார்ந்தால்தான் எதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது தெரியும்.


ஊடுபாவு, காஞ்சிபுரம் – பதில்

மேலே ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தறிக்குடும்பம். நான் இப்போது சேலைகளுக்கு வடிவம் போட்டுக் கொடுக்கிறேன். எங்கள் தொழிலில் உள்ள பெயர்களைக் கேட்டாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்: மல்லிமொக்கு, மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ, வைரஊசி. இவற்றில் எதுவும் கண்காணாத இடத்திலிருந்து வந்ததில்லை. தலையில் வைத்தது, வாசலில் பார்த்தது, கழுத்தில் போட்டது.

ஆனால் மல்லிமொக்கு போட்ட சேலையை அருகில் வைத்துப் பாருங்கள். அங்கே மல்லிகை மொட்டின் படம் இருக்காது. சில இழைகள் ஏறி இறங்கி உண்டான சின்னஞ்சிறு வடிவம்தான் இருக்கும். நாங்கள் கட்டம் போட்ட தாளில்தான் வரைகிறோம். ஒரு கட்டம் என்பது இழைகளின் கணக்கு. வளைவை வளைவாகவே நெய்ய முடியாது, படிக்கட்டு போலத்தான் நெய்ய முடியும். ஆகவே மொட்டைப் பார்த்தவர், அதில் எது இல்லாவிட்டால் மொட்டாக இராது என்று கண்டுபிடித்து அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டிருக்கிறார். மயிலில் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் அப்படித்தான். கழுத்தும் தோகையும் கொண்டையும் கண்முன் இருந்தும், அந்த ஒரு வட்டம் போதும் என்று முடிவெடுக்க எவ்வளவு நாள் மயிலைப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

நீங்கள் கோலத்தை முழுசாகத் தூக்கிப் போட்டதுதான் சிக்கலென்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அச்சு இயந்திரத்தால் எதையும் அப்படியே எடுத்துவிட முடிகிறது. தறியால் முடியாது, அந்த முடியாமை எங்கள் பாட்டன்மாருக்குப் பெரிய துணையாக இருந்தது. நீங்களே ஒரு தடையை உண்டாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிறத்துக்கு மேல் கிடையாது, அல்லது பத்துக்குப் பத்துக் கட்டத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு நீங்கள் பார்த்த ஒரு பொருளை வரைந்து பாருங்கள். எதை விடுவது என்ற கேள்வி அப்போது தானாக வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். அதற்குத் தனித்தனி நாடா, அதாவது குறுக்கிழையைக் கொண்டுபோகும் ஓடம், வேண்டும். நெய்பவருக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து கரைநாடாவை வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுவயதில் நான் அந்த எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவன். இரண்டு நிறம் சந்திக்கும் அந்த ஓரத்தைப் பல்லாயிரம் முறை பார்த்திருக்கிறேன். இன்றும் ஒரு சேலைக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது தனி நிறமாக எதையும் பார்க்க எனக்கு வராது. இது எதனோடு சந்திக்கப் போகிறது என்றுதான் கண் தேடும்.


புள்ளிவரிசை, பெங்களூர் – பதில்

கோலத்தைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள். செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் தொழில் என்றாலும், கோலம் எங்கள் பாட்டியிடமிருந்து எனக்கு வந்த சொத்து.

சிக்குக் கோலம் போடுபவரைப் பாருங்கள், போட்டு முடித்த கோலத்தைப் பார்க்காதீர்கள். முதலில் புள்ளி. நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா என்று முடிவு செய்து எண்ணி வைப்பார்கள். பிறகு கோடு, அது எந்தப் புள்ளியின்மேலும் ஏறாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும். இந்த ஒழுங்கு தெரிந்தவர் ஐந்து புள்ளிக்குப் போட்டதை ஒன்பது புள்ளிக்கும் விரித்துவிடுவார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1970களில் கோலத்தின் பின்னாலுள்ள இந்த விதிகளை ஆராய்ந்து, கணினியியலில் மொழிகளுக்கு இலக்கணம் எழுதுவதுபோலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுத முடியும் என்று காட்டினார்கள். ஆகவே கோலத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் விதி. ஒரே ஆலைக்கு மஞ்சள், மிளகாய், மல்லி என்று பத்துப் பாக்கெட் செய்ய வேண்டியிருந்தால், ஒரே விதியிலிருந்து பத்தும் விரியும்படி செய்ய முடியுமா என்று யோசிப்பது கோலத்திடம் கற்றுக்கொண்டதாகும்.

நம் தெருவில் டீக்கடை மேசைமேல் ஒட்டியிருக்கிறதே, அந்த கியூஆர் குறியீட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் ஜப்பானில், அப்போது டென்சோ நிறுவனத்தின் ஒரு பிரிவாக இருந்த டென்சோ வேவில், மசாஹிரோ ஹாரா என்பவர் அதை உருவாக்கினார். கறுப்பு வெள்ளைக் காய்களைக் கட்டத்தில் வைத்து ஆடும் கோ என்ற ஆட்டத்திலிருந்துதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. ஆனால் என்னை ஈர்ப்பது அதற்கடுத்து நடந்தது. மூன்று மூலைகளிலும் உள்ள சதுரங்களைப் படிப்பான் உடனே அடையாளம் காண வேண்டுமென்றால், அந்தக் கறுப்பு வெள்ளை விகிதம் அக்கம்பக்கத்து அச்சில் வேறெங்கும் எளிதில் தென்படக் கூடாது. அதற்காக அவருடைய குழு துண்டறிக்கை, பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று கிடைத்த அச்சையெல்லாம் அலசி, அவற்றில் மிக அரிதாக வரும் விகிதம் 1:1:3:1:1 என்று கண்டது. அன்றாடம் பார்ப்பவற்றில் எது இருக்கிறது என்று எல்லோரும் தேடுவார்கள். அவர்கள் எது இல்லை என்று தேடினார்கள். உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும் மஞ்சள்தூள் பாக்கெட் அத்தனையையும் வாங்கித் தரையில் பரப்பிவைத்து, அவற்றில் இல்லாதது எது என்று ஒரு முறை பாருங்கள்.


தூரிகை, மதுரை – பதில்

நான் எழுத்து வரைபவன். இங்கே யாரும் எழுத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பழைய கடைத்தெருக்களில் பலகைகளை நிமிர்ந்து பார்த்து நடப்பது என் வழக்கம். 1978இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் உருவம் மாறியது. அதற்கு முன் எழுதிய பலகைகளிலும், பழைய பழக்கத்தை விடாத ஓவியர்கள் எழுதியவற்றிலும் துதிக்கை போல வளைந்த பழைய லை, ளை இன்னும் கிடைக்கும். நகைக்கடைச் சந்து ஒன்றில் மாடிச் சுவரில் இருந்த அப்படியொரு 'லை'யின்முன் ஒரு நாள் முழு வெயிலில் நின்று வரைந்தேன். பலகையில் இடம் போதாதபோது அந்த வளைவை மேலே ஏற்றிச் சுருக்கியும், இடம் மிஞ்சியபோது தாராளமாக இழுத்துவிட்டும் அந்த ஓவியர் எழுதியிருந்தார். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இரண்டு அகலம். கணினி எழுத்துருவில் பழகிய என் கைக்கு அது பெரிய பாடம்.

ஆனால் ஒரு வேண்டுகோள். இப்போது பலர் அந்தப் பலகைகளைப் படமெடுத்து, அப்படியே எழுத்துருவாக மாற்றி, பழமை வாசனைக்காக விற்கிறார்கள். ஃபிளெக்ஸ் வந்ததால் தூரிகையை வைத்துவிட்ட ஓவியர்கள் பலர் நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய கையெழுத்து உங்களுக்கு வேண்டுமென்றால் அவர்களைத் தேடிப் போய், கூலி கொடுத்து, அவர்களையே எழுதச் சொல்லுங்கள். தெருவில் கிடப்பதெல்லாம் உடைமையாளர் இல்லாதது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அந்தக் கோலத்தைப் போட்ட பாட்டியிடம் நீங்கள் கேட்டீர்களா?


மஞ்சள்மண், ஈரோடு – கேள்வி கேட்டவர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தூரிகை ஐயாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: கேட்கவில்லை. மறுநாளே போய் நடந்ததைச் சொன்னேன். பாட்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை உட்காரவைத்துப் புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்தார். ஏழு புள்ளிக் கோலத்தில் நான் இன்னும் வழி தவறிக்கொண்டிருக்கிறேன்.

அட்டைப்பெட்டி ஐயா சொன்னபடி எங்கள் வீட்டிலும் அத்தை வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் மஞ்சள் பாக்கெட்டைக் கவனித்து எழுதினேன். மூன்று வீட்டிலும் வலது மேல் மூலையைத்தான் வெட்டுகிறார்கள். வெட்டிய வாயை இரண்டு மடிப்பு மடித்து ரப்பர் பேண்டு போட்டு, பாக்கெட்டைப் படுக்கவைக்காமல் டப்பாக்களுக்கு இடையில் நிற்கவைக்கிறார்கள். பெயர் எழுதியிருக்கும் மேல்பகுதி மடிப்புக்குள் போய்விடுகிறது. மிளகாய்ப் பொடியா மஞ்சளா என்று தெரிந்துகொள்ள அடிப்பகுதியைத்தான் பார்க்கிறார்கள். அங்கே நாங்கள் அச்சடிப்பதோ சட்டத்துக்காகப் போடும் பொடி எழுத்துகளை மட்டும்.

இரண்டாவது, சன்னல். அத்தை வீட்டில் மஞ்சள் கறை பட்ட வெள்ளைத் துண்டை வெயிலில் காயப்போட்டார்கள். மாலைக்குள் கறை வெளுத்துப்போயிற்று. இதை நான் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். ஆனால் வெளிச்சம் மஞ்சளின் நிறத்தைத் தின்னும் என்றால் நான் வைத்த வட்டச் சன்னல் அந்தத் தூளுக்குக் கேடு என்பது அன்றுதான் புரிந்தது. சன்னலை எடுத்துவிட்டேன்.

மூன்றாவதைத்தான் உங்கள் எல்லோரிடமும் சொல்ல ஆசைப்பட்டேன். அந்தத் துண்டை வெயிலில் போடுவதற்குமுன் சோப்புப் போட்டார்கள் அல்லவா, அப்போது மஞ்சள் கறை சட்டென்று சிவந்தது. ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவப்பதும் இதே காரணத்தால்தான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். என் பாக்கெட்டுக்கு இரண்டாவது நிறம் என்ன என்று பத்து நாள்களாகப் பச்சைக்கும் பழுப்புக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தேன். அது மஞ்சளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கடையில் வாங்கிப் பரப்பிய பதினொரு பாக்கெட்டுகளில் ஒன்பதில் பச்சை இலை இருந்தது, ஒன்றில்கூட ஆரத்திச் சிவப்பு இல்லை.

இப்போதைய வரைவு இது: முழுப் பாக்கெட்டும் மஞ்சள், அடியிலிருந்து மூன்று விரல் உயரத்துக்கு ஆரத்திச் சிவப்பு, மஞ்சள் என்ற பெயர் அந்தச் சிவப்பின்மேல், நிற்கவைத்தாலும் தெரியும்படி பெரிதாக, வலது மேல் மூலையில் வெட்டுவதற்கு ஒரு கோடு. இரண்டு நிறமும் சந்திக்கும் ஓரத்தை மட்டும் எட்டு முறை மாற்றி வரைந்துவிட்டேன். ஊடுபாவு ஐயாவுக்கு அது ஏன் என்று தெரியும். ஆலைக்காரர் பார்த்தார். இந்த முறை டீத்தூளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; வீட்டில் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று எடுத்துப்போயிருக்கிறார். முதல் வடிவத்துக்கு ஆறு சிலிண்டர் (நிறத்துக்கு ஒன்றாக வேண்டிய அச்சு உருளை) வேண்டியிருந்தது, இதற்கு மூன்று போதும் என்கிறார் எங்கள் அச்சக மேலாளர். ஒரு சந்தேகம்: சிவப்பை மஞ்சளின்மேல் அடிப்பதா, தனியாக வெள்ளையின்மேல் அடிப்பதா?


அட்டைப்பெட்டி, சென்னை – பதில்

மஞ்சளின்மேலேயே அடியுங்கள். வெள்ளையின்மேல் தனியாக அடித்தால் பதிவு, அதாவது ஒரு நிறத்தோடு இன்னொன்று பொருந்தி விழுவது, அரை மில்லிமீட்டர் விலகினாலும் இரண்டு நிறத்துக்கும் நடுவில் வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். எட்டு முறை வரைந்த ஓரம் வீணாகிவிடும். மஞ்சள் கீழே இருந்தால் சிவப்பும் சற்று ஆரஞ்சு பக்கம் சாயும், ஆரத்தித் தட்டில் இருக்கும் நிறம் அதுதான். சிலிண்டர் செய்யக் கொடுக்குமுன் அதே ஃபிலிமில் ஒரு மாதிரி அடித்து வாங்கி, அத்தை வீட்டு அலமாரியில் டப்பாக்களுக்கு இடையில் நிற்கவைத்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.